நாலாம் முறை

எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடி.
கீழே சாண்ட்விச் கடை.
டெஹ்ரானிலிருந்து ஜெர்மனிக்குப் போகும்
பிறப்புச் சான்றுகளில் பாதி
வறுத்த வெங்காய வாசனையோடுதான் போகின்றன.

மொழிபெயர்ப்பது முதலாளி மொஹ்தஷம்.
தட்டச்சு, முத்திரை, சிவப்பு நூல்
என் பொறுப்பு.

எங்கள் பிறப்புச் சான்று ஒரு சின்னப் புத்தகம்.
கல்யாணத்துக்கு ஒரு பக்கம், பிள்ளைகளுக்கு ஒன்று,
கடைசிப் பக்கம் சாவுக்கு.
'பதிவு ஏதும் இல்லை' என்று
நாளைக்குப் பதினைந்து முறை அடிக்கிறேன்.
இந்த ஊரில் நான் தினமும் தருகிற
நல்ல செய்தி அது ஒன்றுதான்.

தேர்தல் முத்திரைக்கும் இடம் உண்டு.
"இதையும் மொழிபெயர்க்கணுமா அக்கா?"
கேட்கிற பையன்களில்
சிலருடைய பக்கம் நெரிசல், சிலருடையது வெள்ளை.
இரண்டையும் கூச்சத்தோடுதான் நீட்டுகிறார்கள்.
என்னுடையதில் மூன்று.
மூன்றாவது விழுந்த நாள்
பள்ளிக்கூட வாசலில் நாலு மணி நேரம் வரிசை.
யாரோ வெள்ளரி நறுக்கி உப்புத் தூவி
கை கையாய்க் கடத்தினார்கள்.
எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.
இப்போது கேட்டால்
ஒருவரும் அந்த வரிசையில் நின்றதில்லை.

டாக்ஸியில் ஏறினால்
அடுத்த வளைவுக்குள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு
இறங்கும் இடத்தில் சில்லறை இல்லை என்கிறார் ஓட்டுநர்.

காசு வாங்குவதற்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு.
எவ்வளவு என்று கேட்டால்
"உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா" என்பேன்.
வற்புறுத்துவார். மறுப்பேன்.
இப்படி மூன்று சுற்று.
நாலாம் முறை தொகையைச் சொல்வேன்,
அன்று காலை டாலர் விற்ற விலைக்குத் தகுந்தபடி.
அவர் முகம் வெளிறும்.
மரியாதை மட்டும் இரண்டு பக்கமும் குறையாது.

என் சொந்தக் கோப்பு நீலம்.
ஆறு வருஷமாய் மேசையின் அடி இழுப்பறையில்.
வயது ஏற ஏறப் புள்ளி குறைக்கிறார்கள் கனடாக்காரர்கள்.
போன மாதம் கேக்கின் மெழுகுவர்த்தியை ஊதினேன்.
கைதட்டிக்கொண்டே பெஹ்ரங் சொன்னான்:
"அணைந்தது ஐந்து புள்ளி."

விரல்ரேகை வைக்க யெரெவானுக்குப் பஸ்ஸில் போனோம்.
ஒரு பகல், ஒரு முழு இரவு.
அராஸ் ஆற்றுப் பாலம் தாண்டியதும்
முன்சீட்டுப் பெண் தலைத்துணியை அவிழ்த்து
ஜன்னலில் படிந்திருந்த ஆவியைத் துடைத்தாள்.
அவ்வளவுதான் நடந்தது.
வெளியே அதே மலை,
கொஞ்சம் தெளிவாக.

விருந்துக்கு வராதவரிடம் இங்கே சொல்வோம்:
"உங்கள் இடம் காலியாக இருந்தது."
சும்மா உபசார வார்த்தை.
வெள்ளிக்கிழமை கீத்தி வீட்டில்
எட்டு நாற்காலிக்கு மூன்று பேர் இருந்தோம்.
ஹாம்பர்க்கிலிருந்து அவள் மகன் திரையில் வந்தான்.
இணையம் அறுந்து அறுந்து
முகம் சதுரம் சதுரமாய் உடைந்தது.
"உன் இடம்..." என்று தொடங்கியவள்
சோற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
அடுப்படிக்குப் போனாள்.
சட்டியின் அடியில் முறுகிய பொருக்குக்கு
ஒரு காலத்தில் அந்த வீட்டில் சண்டையே நடக்கும்.
அன்று அது முழுதாக
எங்கள் நடுவில் ஆறிக் கிடந்தது.

நேற்று நீலக் கோப்பை எடுத்து
மொஹ்தஷம் மேசையில் வைத்தேன்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.
என்னை அறியாதவர்போல் பக்கம் பக்கமாய்ப் படித்தார்.
என் அப்பா பெயரில் நான் விட்டிருந்த
எழுத்துப் பிழையைத் திருத்தினார்.
கையெழுத்துப் போட்டார்.

எவ்வளவு என்றேன்.
"உனக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா."
வற்புறுத்தினேன். மறுத்தார்.
வழக்கப்படி மூன்று சுற்று.
நாலாம் முறை நோட்டுகளை எண்ணி வைத்தேன்.
என் பக்கமாய்த் தள்ளினார்.
ஐந்தாம் முறையும்.

அப்போதுதான் பயம் வந்தது.
பேசாமல் என் இடத்துக்கு வந்து
சிவப்பு நூலைக் கோத்தேன்.
நாளைக்குப் பதினைந்து போடுகிற முடிச்சு,
விழவே இல்லை.